அசல் என்று எழுதிய சீட்டு

மர்சலின் மூன்றாம் தடவையாக நம்பரை வாசித்தாள். ஏழு, ஒன்று, ஐந்து, மூன்று, பூஜ்யம். கட்டிலில் விரித்த போர்வையின் மேல் துப்பாக்கி மூன்று பாகமாகப் பிரிந்து கிடந்தது. ஜோடிக் குழல்கள், பூட்டும் கட்டையும் சேர்ந்த பின்பகுதி, குழலுக்கு அடியில் மாட்டுகிற சின்ன மரத்துண்டு. மூன்றிலும் அதே நம்பர்தான் வெட்டியிருந்தது. அவள் மடியில் விரிந்து கிடந்த லைசென்ஸ் புத்தகத்தில் மட்டும் வேறு நம்பர் இருந்தது. ஒன்று, ஆறு, இரண்டு, நான்கு, ஒன்று, எட்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் கூடத்தில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் நைனா கிடந்தார். விடிகாலை நாலே முக்காலுக்கு மூச்சு நின்றது. சாயங்காலம் நாலரை மணிக்குச் சாமியார் வந்ததும் குயிபில் தீவுக் கல்லறைக்குத் தூக்க வேண்டும். இப்போது மணி மூன்றாகப் போகிறது.

அண்ணன் வில்லியம் கதவைப் பாதி திறந்து தலையை நீட்டினான். "இன்னும் இன்னா பண்ற? ஏட்டு பந்தல்ல குந்திக்கினு கீறாரு. நம்பர சொன்னா ரசீது எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கினு போயிடுவாரு."

"நம்பர் ஒத்துவரல."

"நீ சரியா பாத்தியா?"

அந்தக் கேள்வியை அவள் தன்னிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டுக்கொள்கிறவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திவிட்டு, திருத்தியது சரிதானா என்று மறுபடி பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டு ரொசாரி சர்ச் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். ஆனால் இந்த நம்பரில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே நம்பரை மூன்று இடத்தில், மூன்று தடவை பார்த்தாகிவிட்டது.

"இது நம்ம துப்பாக்கி இல்ல," என்றாள்.

வில்லியம் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

லைசென்ஸ்காரர் செத்துப்போனால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் உள்ள கடையில் ஒப்படைக்க வேண்டும். சாதாரணக் காலமாக இருந்தால் பத்து நாள் துக்கம் கழிந்து கொடுத்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இது 1948, இந்தியாவோடு சேர மறுத்த ஹைதராபாத் சங்கதி தினமும் பேப்பரில் வந்துகொண்டிருந்த ஆகஸ்டு மாதம். பட்டணத்திலிருந்து அங்கே துப்பாக்கி கடத்துகிறார்கள் என்று ஒரு பேச்சு. லைசென்ஸ்காரர் வீடு ஒவ்வொன்றையும் பார்த்து வரும்படி மேலிடத்து உத்தரவு. கச்சேரி ரோட்டு ஸ்டேஷன் ஏட்டு வடிவேலு நைனாவுக்குத் தெரிந்த மனிதர். மாலையோடு வந்து, தலைமாட்டில் நின்று கும்பிட்டுவிட்டு, சங்கடப்பட்டுக்கொண்டேதான் கேட்டார்.

"ஜூன்ல அந்த ஷரீஃப் எடுத்துக்கினு போனாரு இல்ல?" என்றான் வில்லியம்.

"ஸ்பிரிங் மாத்தணும்னு நைனாதான் குடுத்தனுப்பினார்."

"எத்தினி நாள் வெச்சிருந்தாரு?"

"நாலு நாள்."

இதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை என்பது போல் வில்லியம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். பந்தலின் ஓரத்தில் ஷரீஃப் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஷரீஃப் ராயப்பேட்டையில் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நைனாவுக்கு இருபத்தைந்து வருஷத்துச் சிநேகிதர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இருவரும் பெருங்குடிப் பக்கத்துக் கழுவேலிச் சதுப்புக்கு உள்ளான் குருவி சுடப் போவார்கள். இன்று காலை ஐந்தரை மணிக்கே வந்துவிட்டார். பெட்டிக்குச் சொன்னது அவர், ஐஸ் கொண்டுவந்தது அவர், பந்தல்காரனோடு சண்டை போட்டது அவர். மகன் செய்ய வேண்டியதையெல்லாம் அவரே செய்தார். காலையில் அது பெரிய உதவியாக இருந்தது. நம்பரை வாசித்த பிறகு ஒவ்வொன்றாக வேறு நிறம் எடுத்தது.

ஏழு மணிக்கே அவர் மர்சலினைத் தனியாகக் கூப்பிட்டு, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் என்று சொன்னாள். அதைத் தன்னிடம் கொடுத்துவிடும்படியும், தன் கடை ரிஜிஸ்டரில் பதிந்து ஒப்படைத்துக்கொள்வதாகவும், போலீஸ் வரைக்கும் போக வேண்டாம் என்றும் சொன்னார். அழுது வீங்கிய கண்ணோடு இருந்தவளுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெட்டி வந்துவிட்ட களேபரத்தில் எடுத்துக் கொடுக்க மறந்துபோனாள். பத்து மணிக்கு மறுபடி கேட்டார். ஒரு மணிக்கு மறுபடியும். சாவு வீட்டில் ஒரு மனிதர் மூன்று தடவை துப்பாக்கியைக் கேட்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சனிக்கிழமைதோறும் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது அவள் வேலை. ஜூன் மாதம் ரிப்பேரிலிருந்து வந்த பிறகு நைனா அதை நிறுத்திவிட்டார். ஷரீஃப் கெட்டியாக மசகு தடவியிருக்கிறான், மழைக்காலம் முடியும் வரை பெட்டியைத் திறக்காதே என்றார். அப்போதே படுத்த படுக்கை. அந்த வார்த்தையை நைனாவின் வாயில் போட்டவர் யார்?

"நம்ம வூட்லயே கை வெச்சிட்டான் பாரு," என்றான் வில்லியம். அதுவரை அவனுக்கும் ஷரீஃப் மாமாதான். "அமெரிக்கா சரக்கு. டாக்டர் துரை நைனாவுக்குன்னு குடுத்துட்டுப் போனது. அத்த எவனுக்கோ தள்ளிட்டு, நைனா படுத்துக்கினு கீறாரு, யாரு பாக்கப் போறான்னு நெனச்சிட்டான். நான் ஏட்டுகிட்ட எழுதிக் குடுத்துடறேன்."

"கொஞ்சம் இரு. நான் ஒரு தடவை முழுசா பாத்துடறேன்."

"பெட்டி தூக்கறதுக்குள்ள முடி. அப்புறம் அந்த ஆளு எங்க போவான்னு யாருக்குத் தெரியும்?"

அவன் போனதும் அவள் கதவைத் தாழிட்டாள்.

நைனாவின் பெயர் ஆரோக்கியநாதன். மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரத் துப்பாக்கிக் கடையில் முப்பது வருஷம், விற்க வருகிற துப்பாக்கிகளைப் பார்த்து மதிப்புச் சொல்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்புவார்கள். பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். ‘அசல்’ என்று இருக்கும், அல்லது ‘அசல் அல்ல’ என்று இருக்கும். கீழே கையெழுத்து. மாம்பலம், அடையாறு, மயிலாப்பூர் வீடுகளில் பல பேர் அந்தச் சீட்டை லைசென்ஸ் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

மர்சலின் அவர் பார்க்கிற வரிசையிலேயே பார்த்தாள். மேல்பட்டையில் வெட்டியிருந்த கம்பெனிப் பெயரை முதலில் விட்டுவிட்டாள். பார்க்கர் என்ற அமெரிக்கக் கம்பெனிப் பெயரை உளி வைத்திருக்கிறவன் எவனும் வெட்டலாம். குழல்களின் முன்முனையைப் பார்த்தாள். இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தன, சந்து தெரியவில்லை, அதனால் யாரும் அறுத்துக் குறைக்கவில்லை. ஒரு மெல்லிய காகிதத் துண்டைத் தோட்டா போடுகிற பக்கம் வைத்துத் துப்பாக்கியைப் பூட்டினாள். காகிதத்தை இழுத்தபோது தடையில்லாமல் வந்துவிட்டது. பூட்டு தளர்ந்திருக்கிறது. நைனாவின் துப்பாக்கியில் காகிதம் கிழியுமே தவிர வராது. குழலை விரலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். மணி போல் ஓசை வந்தால் ஒட்டு கெடவில்லை என்று அர்த்தம். பக்கத்து அறையில் ஜெபம் நடக்கும்போது அதைச் செய்ய மனம் வரவில்லை.

பூட்டின் பக்கவாட்டில் செதுக்கியிருந்த வேட்டை நாயைப் பார்த்தாள். நைனாவின் துப்பாக்கியிலும் அதே இடத்தில் அதே நாய் உண்டு. ஆனால் அந்த நாய்க்கு விலா எலும்பு தெரியும். இந்த நாய் வழவழவென்று இருந்தது. இதை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

கடைசியாகக் குழலின் அடிப்பக்கம். நம்பர் இருந்த கொக்கியைச் சுற்றிக் கெட்டியாக மசகு அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தாள். மற்ற தேசத்துத் துப்பாக்கிகளில் அந்த இடத்தில் சர்க்காரின் பரீட்சைக் குறி இருக்கும். இங்கிலாந்துக்கு ஒரு குறி, பெல்ஜியத்துக்கு ஒரு குறி. அமெரிக்காவில் அப்படிச் சர்க்கார் பரீட்சை கிடையாது, அதனால் அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கி என்று சொல்லி வருவதில் இருக்கிறதைத் தேடக் கூடாது, இருக்கக் கூடாததைத் தேட வேண்டும் என்பார் நைனா.

மசகு போனதும் பருப்பு அளவில் ஒரு முட்டை வடிவக் கோடு தெரிந்தது. அதற்குள் மூன்று எழுத்து. மேலே கிரீடம், கீழே நட்சத்திரம்.

பெல்ஜியம்.

அவள் குழலைப் போர்வையில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். இந்த நாயை எங்கே பார்த்தாள் என்று இப்போது தெரிந்துவிட்டது.

போன நவம்பர். தியாகராய நகரில் கருணாகரன் என்பவர் வீட்டு மாடி. ஊருக்குப் போன ஒரு துரையின் பங்களா ஏலத்தில் ஒரு பார்க்கர் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டு நைனாவைக் கூப்பிட்டிருந்தார். மழை. மின்சாரம் போய்விட்டிருந்தது. ஜன்னல் திரையை விலக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கருணாகரன் சாய்வு நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கியைத் தடவிப் பார்த்தது நைனா. கண்ணால் பார்த்தது மர்சலின்.

நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு வருஷமாக எழுத்துத் தெரியாது, ஆள் நிழலாகத்தான் தெரியும். அம்மாவுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது. பெரம்பூரில் குடித்தனம் செய்யும் வில்லியத்துக்குக்கூடச் சொல்லவில்லை. பை தூக்கிக்கொண்டு வருகிற மகள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் பக்கத்தில் குனிந்து, பைக்குள் எதையோ தேடுகிற சாக்கில், பார்த்ததை முணுமுணுப்பாள். சீட்டு எழுதும்போது வரி கோணாமல் இருக்கக் காகிதத்தை முன்பே மடித்துக் கொடுப்பாள். மடிப்பை விரலால் தடவிக்கொண்டே எழுதுவார்.

அன்று அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. துரு என்று நினைத்தாள். துருதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் கொஞ்சம் இருங்க நைனா என்று சொல்லியிருந்தாள். கருணாகரன் தொண்டையைச் செருமினார். அடியில் வேறு குறி உண்டா என்று நைனா கேட்டார். இல்லை என்று சொன்னாள். நன்றாகப் பார் என்றார். இல்லை நைனா என்று மறுபடியும் சொன்னாள். அவர் காகிதத்தின் மடிப்பைத் தேடி, ‘அசல்’ என்று எழுதினார்.

எவனோ மெழுகும் கரியும் குழைத்து அந்தக் குறியை அடைத்து வைத்திருக்கிறான். சுரண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் சுரண்டவில்லை.

கருணாகரன் வீட்டுத் துப்பாக்கி நைனாவின் கட்டிலுக்கு அடியில் எப்படி வந்தது? மர்சலின் பின்கதவு வழியாக வெளியே போனாள்.

ஷரீஃப் கிணற்றடியில் நீர் இறைத்துக்கொண்டிருந்தார், கல்லறையிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவ. அவளைப் பார்த்ததும், "எடுத்துட்டியா பாப்பா?" என்று கேட்டார். நாலாவது தடவை.

"எடுத்துட்டேன். பிரிச்சும் பாத்துட்டேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இது கருணாகரன் சார் வூட்டுது தானே, மாமா?"

ராட்டினம் நின்றது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"யாரு சொன்னது?"

"அடியில குறி கீது."

அவர் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டினார். நிதானமாகவே கட்டினார். "அம்மாம் மசகு அப்பி வெச்சேன்," என்றார். "பாக்கறவ பாத்துடுவான்னு அப்பவே தெரியும்."

பிறகு சொன்னார். துண்டு துண்டாக, கூடத்துப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே சொன்னார். ஜூனில் பூட்டு தளர்ந்துவிட்டது என்று கருணாகரன் துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுவந்தாராம். பிரித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டதும் மெழுகு கரைந்து குறி வெளியே வந்ததாம். அன்று சாயங்காலமே எடுத்துவந்து நைனாவின் கையில் கொடுத்தாராம். மர்சலின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. நைனா கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை வெகுநேரம் தடவிக்கொண்டு படுத்திருந்தாராம். அப்புறம் கட்டிலுக்கு அடியிலிருந்து தன் துப்பாக்கியை எடுக்கச் சொன்னாராம். ஸ்பிரிங் மாற்றுகிற சாக்கில் இரண்டையும் கொண்டுபோ, கருணாகரனுக்கு இதைக் கொடு, நாலு நாள் கழித்து அதைக் கொண்டுவந்து இங்கே வை என்றாராம். இரண்டும் ஒரே அளவு, ஒரே நாய். பூட்டு இறுகிவிட்டது என்று அந்த மனிதர் சந்தோஷமாக வாங்கிப் போனார். எழுந்து நடமாடியதும் கமிஷனர் ஆபீசுக்கு நேரில் போய் உள்ளதைச் சொல்லி, இரண்டு லைசென்ஸிலும் நம்பரைத் திருத்தி வாங்குவதாக நைனா சொன்னாராம். எழுந்திருக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

ஷரீஃப் ஈரக் கையை லுங்கியில் துடைத்தார்.

"நைனாவா சொல்ல வேணாம்னார்?"

"பொண்ணுக்குத் தெரிஞ்சா அப்புறம் ஒரு எழுத்தக்கூட தெகிரியமா படிக்காதுடான்னாரு. அத்தோட வுட்டுட்டாரு."

சமையலறைக்குள் யாரோ பாத்திரத்தை உருட்டினார்கள். அவள் கேட்டாள்: "அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"கழுவேலில ரெண்டு வருசமா உள்ளான் சுட்டது யாரு? நான். தூக்கிக்கினு வந்து உங்கம்மாகிட்ட பீத்திக்கினது அவரு." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "இத்தக் கேளு. துப்பாக்கிய காலைலயே என் கையில குடுத்திருந்தா, ரெண்டையும் என் ரிஜிஸ்டர்ல ஏத்தி எப்டியோ சரிபண்ணியிருப்பேன். இப்ப உங்கண்ணன் ஏட்டுகிட்ட போய்ட்டான். கேட்டா நான் மாத்திட்டேன்னு சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் வாயத் தொறக்காத."

"இந்த மாசத்துல உங்கள சும்மா வுடுவாங்களா?"

"அது என் பாடு. உங்க நைனா எழுதின சீட்டு எத்தினி வூட்டுல கீது தெரியுமா? ஒண்ணு தப்புன்னு ஆச்சுன்னா அத்தினியும் தப்புன்னுவானுங்க. பெட்டிய தூக்கறதுக்கு முன்னாடியே சொல்லுவானுங்க."

அப்போது பந்தலிலிருந்து வில்லியம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மாமா என்ற சொல் இல்லாமல், வெறும் பெயரை.

பந்தலில் இருபது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் பங்கு ஆட்கள். பாதி, நைனாவிடம் துப்பாக்கி காட்டியவர்கள். ஏட்டு வடிவேலு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கருணாகரன், பட்டு அங்கவஸ்திரம், பெரிய உடம்பு. நைனாவின் கைராசியைப் பற்றி ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார், கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம் என்றார். மர்சலின் கதவோரத்தில் நின்றாள்.

வில்லியம் கையில் எழுதிய தாள் இருந்தது. ஷரீஃப் வந்து ஏட்டுக்கு முன்னால் நின்றார். யாரும் நாற்காலி போடவில்லை. காலையிலிருந்து எல்லோருக்கும் போட்டது அவர்தான்.

"இவரு வூட்டு துப்பாக்கி ஜூன்ல உங்க கடைக்கு வந்துதா?" என்று கேட்டார் வடிவேலு. கோபமாகக் கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்ற மாதிரி கேட்டார்.

"வந்துது."

"திரும்பக் குடுத்தது அதேதானா?"

"இல்ல. மாத்திட்டேன்."

உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கருணாகரன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். இரண்டு மாதம் முன்பு தானும் இந்த ஆளிடம் துப்பாக்கி கொடுத்ததாகவும், வீட்டுக்குப் போனதும் அதை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றும் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அந்தப் பக்கத்து மனிதரும் தலையாட்டினார். தன்னுடையதும் அங்கேதான் ரிப்பேருக்குப் போனது என்றார்.

"யாருக்குக் குடுத்தீங்க? ஊர் தாண்டிப் போயிடிச்சா?" என்றார் வடிவேலு.

ஷரீஃப் தரையைப் பார்த்தார்.

வடிவேலு பென்சிலை எடுத்தார். "எங்கன்னு சொல்லலன்னா, பாய், நான் கூட்டிக்கினு போய்த்தான் ஆவணும். வேற வழி கிடையாது."

மர்சலின் பெட்டியின் பக்கம் திரும்பினாள். இங்கிருந்து நைனாவின் நெற்றியும் மூக்கும் தெரிந்தன. காலையில் ஷரீஃப்தான் முகத்தை மழித்துவிட்டார், காதோரத்தில் ஒரு முடிகூட விடாமல். அவள் உள்ளே போய்க் குழலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். பந்தலின் ஓரத்தில் வெயில் விழுந்த இடத்துக்குப் போய் நின்றாள்.

"அந்தத் துப்பாக்கி எங்கயும் போவல," என்றாள். "கருணாகரன் சார் வூட்ல கீது."

கருணாகரன் நிமிர்ந்தார்.

"சார் ஏலத்துல வாங்கினது இது. இது அமெரிக்காவே இல்ல. பெல்ஜியத்துல செஞ்சது. நைனா அசல்னு எழுதிக் குடுத்துட்டார். தப்புன்னு தெரிஞ்சதும் தன்னோடத சாருக்கு அனுப்பிட்டு, இத்த வாங்கி வெச்சிக்கிட்டார். ஷரீஃப் மாமா கையால குடுத்தார், அவ்ளோதான்." குழலைத் திருப்பி அடிப்பக்கத்தை ஏட்டிடம் காட்டினாள். "இதோ குறி."

"பாப்பா," என்றார் ஷரீஃப்.

வடிவேலு குனிந்து பார்த்தார். அவருக்கு அது எதுவென்று புரியவில்லை என்பது தெரிந்தது. இருந்தாலும் பார்த்தார்.

"பெரியவர் தப்பாச் சொன்னாரா?" கருணாகரன் கேட்டார். "என் எதிர்ல அரை மணி நேரம் பார்த்தாரே. அவரு கண்ணுக்கு இது தப்பிச்சுதுன்னா நம்பற மாதிரியா இருக்கு?"

"அவர் பாக்கல. நான்தான் பாத்தேன்."

"நீயா?"

"ரெண்டு வருஷமா அவருக்குக் கண்ணு தெரியாது. நான் பாத்துச் சொல்றத அவர் எழுதுவார். அன்னிக்கு இது துருன்னு நெனச்சி, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

வில்லியம் கையிலிருந்த தாளைப் பார்த்தான், அதில் தான் எழுதியது வேறு யாரோ எழுதியது போல. பிறகு தங்கையைப் பார்த்தான்.

"என்கிட்டகூட சொல்லல," என்றான்.

வடிவேலு புதிய தாள் எடுத்தார். அந்த இன்னொரு துப்பாக்கியும் ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்று கருணாகரனிடம் சொன்னார். ரெண்டு நம்பரையும் ஒன்றாக எழுதி மேலே அனுப்புவதாகவும், இன்ஸ்பெக்டர் கூப்பிட்டால் வந்து இதையே சொல்ல வேண்டும் என்றும் மர்சலினிடம் சொன்னார். ஷரீஃபைப் பார்த்து, கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஊரிலேயே இருக்கும்படி சொன்னார். அது மன்னிப்பும் இல்லை, கைதும் இல்லை. மர்சலின் நம்பரைச் சொன்னாள், அவர் எழுதினார். கையெழுத்துப் போட்டாள். தன் பெயரையே ஒரு தடவை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள்.

கருணாகரன் எழுந்தார். புறப்படுகிறார் என்று நினைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் போனார். காலையிலேயே பார்த்து மாலை போட்டவர்தான். பெட்டியின் தலைப்பக்கம் நின்று குனிந்தார். கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் குனிகிற மாதிரி இல்லை. மூடியிருந்த இமைகளைப் பார்த்தார், ஒரு பக்கமாக, பிறகு மறுபக்கமாக. இரண்டு வருஷமாகத் தெரியாத கண் அந்தத் தோலுக்கு அடியில் வேறு மாதிரி இருக்குமோ என்பது போல.

அவர் நகர்ந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் வந்தார். அவர் வீட்டுச் சீட்டு போன பங்குனியில் எழுதியது. அவரும் குனிந்தார். அவருக்குப் பின்னால் அடையாற்றுக்காரர் ஒருவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். வரிசை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் வரிசையாகத்தான் வந்தார்கள். ஜெபமாலை ஒரு ‘அருள்நிறைந்த மரியே’ ஜெபத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது. ஷரீஃப் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றார்.

அம்மா காலையிலிருந்து பெட்டியின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பந்தலில் பேசியது அவளுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. ஃப்ளோரா என்று பெயர் சொல்லி யாரோ கையைப் பிடித்தார்கள். அதை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

முகத்தை மூடுவது சாமியார் வந்து மந்திரித்த பிறகு, பெட்டியை மூடுகிற சமயத்தில் செய்கிற காரியம். மணி இன்னும் நாலுகூட ஆகவில்லை. அம்மா தலைமாட்டில் மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து ஒரு உதறு உதறினாள். குனிந்திருந்த அடையாற்றுக்காரர் பின்வாங்கினார். துணியை நெற்றியிலிருந்து தாடை வரை போர்த்தி, இந்தப் பக்கம் ஒரு ஓரமும் அந்தப் பக்கம் ஒரு ஓரமும் தலையணைக்கு அடியில் செருகினாள். சுருக்கம் விழுந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

வரிசையில் நின்ற யாரும் துணியை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை.